பினாங்கு அங்காடிக் கடைகளில் பிள்ளைகளோடு இரவுச் சாப்பாடு: எங்கே உட்கார்வது, என்ன சொல்லி வாங்குவது?

ஜொகூர் தென்றல்

வணக்கம். பள்ளி விடுமுறைக்கு மூன்று இரவு ஜார்ஜ்டவுனில் தங்குகிறோம். பெரியவர்கள் இரண்டு பேர். பிள்ளைகள் மூவர்: 9, 5, 2 வயது. நடுப்பிள்ளைக்குக் கச்சான் (நிலக்கடலை) ஆகாது, உதடு வீங்கி மூச்சு இழுக்கும். வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை, மற்றதில் தடையில்லை. மூன்று இரவும் அங்காடிக் கடைகளில்தான் சாப்பாடு என்று முடிவு. எந்த இடம், எத்தனை மணிக்கு, காரமில்லாமல் எப்படிச் சொல்லி வாங்குவது, சின்னதுக்கு எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தண்ணீர்மலை வாசி

தங்கச்சி, முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். இங்கே இருட்ட ஏழரை ஆகும், கூட்டம் அதற்குப் பிறகுதான் சேரும். எட்டு மணிக்குப் போய் நின்றால் பெயர் பெற்ற சார் குவே தியாவ் (சட்டியில் பிரட்டிய பட்டை அரிசி நூடுல்ஸ்) கடையில் அரை மணி, முக்கால் மணி காக்க வேண்டிவரும். இரண்டு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் பசி தாங்காது. அழுகை தொடங்கிவிட்டால் பிறகு எந்தத் தட்டு வந்தாலும் வாயைத் திறக்காது.

மேசை முதலில், சாப்பாடு பிறகு. ஒருவர் பிள்ளைகளோடு மேசையில் இருக்க, மற்றவர் கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். மேசையில் எண் இருக்கும், அதைச் சொன்னால் தட்டு தேடி வரும். எண் இல்லாத இடத்தில் கையைக் காட்டி, கடைக்காரர் பார்த்துத் தலையாட்டிய பிறகே நகருங்கள். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கர்னி டிரைவ், நியூ லேன் போன்ற இடங்களில் சில மேசைகள் குறிப்பிட்ட கடைக்கே சொந்தம். அங்கே உட்கார்ந்து பக்கத்துக் கடையில் மட்டும் வாங்கினால் எழுந்திருக்கச் சொல்வார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மேசை தேடுவது பெரும்பாடு. உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மேசை தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டிக்கு நேர்ப்பின்னால் வேண்டாம். மிளகாய் விழுது காய்ந்த எண்ணெயில் விழும்போது கிளம்பும் புகை பெரியவர்களையே இருமவைக்கும். ஓரத்து மேசையும் வேண்டாம். 2019 ஜனவரி முதல் உணவுக்கடைகளில் புகைக்கத் தடை, குறைந்தது 3 மீட்டர் தள்ளி நின்றுதான் புகைக்கவேண்டும். அதனால் புகைப்பவர்கள் எல்லாரும் கடைசி மேசைகளுக்கு வெளியேதான் நிற்பார்கள். நடுவில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு பக்கம் சுவரோ தூணோ இருக்கும் மேசை நல்லது.

அந்தச் சுவர்ப்பக்கம் பிள்ளைகளுக்கு. சூப் கிண்ணம் கொண்டுவருபவர் கூட்டத்தில் பின்பக்கமாகத்தான் வருவார், பிள்ளையின் தோளுக்கு மேலேதான் கையை நீட்டுவார். பிள்ளை சட்டென்று திரும்பினால் கொதிக்கும் குழம்பு முதுகில் ஊற்றிவிடும். நடைபாதைப் பக்கம் பெரியவர் உட்கார்ந்து கிண்ணத்தை எதிர்கொண்டு வாங்குங்கள். மேசை நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைக்கவே வேண்டாம்.

நாற்காலி என்று பெரும்பாலும் முதுகில்லாத பிளாஸ்டிக் முக்காலிதான். குழந்தை நாற்காலி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆடும் முக்காலி என்றால் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று செருகி உட்காரவைத்தால் உயரமும் கிடைக்கும், வளையவும் செய்யாது. சின்னதுக்கு மடிதான்.

இடம் என்றால் உங்கள் கணக்குக்கு முதல் இரவு பாடாங் பிரவுன். டத்தோ கிராமாட் பக்கம், கூரை உண்டு, மழை வந்தாலும் கவலையில்லை. பொப்பியா (காய்கறி வைத்துச் சுருட்டிய மெல்லிய ரொட்டி), ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு), சூப் வகைகள் எல்லாம் ஒரே வளாகத்தில். மதியத்திலிருந்தே கடைகள் திறந்துவிடும் என்பதால் ஐந்தரைக்கே போனாலும் பட்டினி இல்லை. நியூ லேன் சாப்பாட்டுக்கு அருமையான தெரு, ஆனால் மெக்காலிஸ்டர் சாலையை ஒட்டிய திறந்த தெரு. வண்டிகள் நெருங்கிப் போகும். கைவிட்டு ஓடும் வயதுப் பிள்ளை இருக்கும்போது அதை நான் சொல்லமாட்டேன். பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போகும் நாளில் அங்கேயே லாங் பீச் உணவு வளாகம் இருக்கிறது, பட்டணத்துக்குத் திரும்பி வந்து சாப்பிட அவசியமில்லை.

சட்டிச்சூடு

மேலே அண்ணன் சொன்னதோடு, எந்த வரிசையில் வாங்குவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடையும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது. குவே தியாவ் சூப், கோழிச் சோறு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுட்டு வரப் பத்து, பதினைந்து நிமிடம். சார் குவே தியாவ் ஒவ்வொரு தட்டாகத்தான் பிரட்டுவார்கள், முன்னால் பத்துத் தட்டு இருந்தால் பத்துத் தட்டும் முடியவேண்டும். ஆகவே முதலில் நடக்கவேண்டியது சார் குவே தியாவ் கடைக்கு. சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் சூப் கடை. பிள்ளைகளின் கிண்ணம் முதலில் வந்து அவர்கள் பாதி வயிறு நிறையும் நேரத்துக்கு உங்கள் தட்டு வரும்.

ஐந்து பேருக்கு ஐந்து தட்டு என்று தொடங்காதீர்கள். மூன்று தட்டு, ஒரு சூப், அது போதும். பத்தாவிட்டால் எழுந்து போய் வாங்க அதே கடை அங்கேயேதான் இருக்கிறது. ஆறிப்போன குவே தியாவ் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், வாங்கி வைத்துக் காத்திருக்கும் பண்டமே இல்லை அது.

இப்போது காரம். சார் குவே தியாவ் கடையில் பணத்தை நீட்டும்போது 'காரம் வேண்டாம்' என்றால் நேரம் கடந்திருக்கும். சட்டியைப் பாருங்கள்: கொழுப்பு அல்லது எண்ணெய், பூண்டு, இறால், குவே தியாவ், கிச்சாப் (சோயாச் சாறு) கலவை, ஒரு கரண்டி மிளகாய் விழுது. பிறகு எல்லாவற்றையும் ஓரம் தள்ளி நடுவில் முட்டை, கடைசியில் தாவ்கே (முளைப்பயறு), கெராங் (சிப்பி), குச்சாய் (பூண்டுத்தாள் கீரை). மிளகாய் பாதியிலேயே விழுந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. அதனால் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே 'சத்து தாக் மாவ் சிலி' (ஒன்று, மிளகாய் வேண்டாம்) வரவேண்டும். ஹொக்கியன் பேசும் சீனர் என்றால் 'மாய் ஹியாம்' இன்னும் வேகமாகப் புரியும். காரமுள்ள தட்டும் காரமில்லாததும் சேர்த்துச் சொல்லும்போது, காரமில்லாததை முதலில் பிரட்டச் சொல்லுங்கள். அடுத்தடுத்துப் பிரட்டும்போது சட்டியை முழுக்கக் கழுவமாட்டார்கள், முந்தைய தட்டின் எண்ணெய் ஒட்டியிருக்கும். பிள்ளை நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

'தாக் மாவ் கெராங்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெராங்கை நன்றாக வேகவிட்டால் ரப்பராகிவிடும் என்று சில விநாடி மட்டுமே சட்டியில் காட்டுவார்கள். கடல்நீரை வடிகட்டி வாழும் சிப்பி அது. நீரில் இருக்கும் கிருமி அதன் உடம்பில் தங்கும், அந்தச் சில விநாடிச் சூட்டில் சாகாது. பெரியவர்கள் விருப்பம் வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மற்ற எல்லாக் கடைக்கும் ஒரே ஒரு சொல் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: 'அசிங்', அதாவது தனியாக. 'சம்பால் (மிளகாய் விழுது) அசிங்', 'குவா (குழம்பு) அசிங்', 'கிச்சாப் அசிங்'. வேண்டாம் என்றால் கடைக்காரருக்கு ருசி கெடுகிறதே என்ற வருத்தம் இருக்கும். தனியாக என்றால் இரண்டு பக்கமும் நிம்மதி, பெரியவர்களும் அதைத் தொட்டுக்கொள்ளலாம்.

மருந்துப்பை

கச்சான் விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை. அதைத்தான் முதலில் பேசியிருக்கவேண்டும். மூச்சு இழுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 'தாக் மாவ் கச்சாங்' என்று சொல்வது போதவே போதாது. அங்காடிக் கடையில் ஒரே பலகை, ஒரே கரண்டி, ஒரே துடைப்புத் துணி. ரோஜாக் (பழம், காய்க் கலவை) கடைக்காரர் பிடித்த கச்சான் தூள் கையாலேயே அடுத்த தட்டுக்கு வெள்ளரி நறுக்குவார். அவர் மேல் குறையில்லை, அந்தக் கடையின் வேலை முறையே அதுதான்.

எனவே தட்டை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கச்சான் இருக்கும் கடையில் அந்தப் பிள்ளைக்கு எதுவுமே வாங்காதீர்கள். சாத்தே கடை, ரோஜாக், பசம்போர், அப்பம் பாலேக் (கச்சான் வைத்து மடித்த இனிப்பு அப்பம்), மோச்சி உருண்டையைக் கச்சான் தூளில் புரட்டும் கடை, ஐஸ் கச்சாங் கடை, இவை ஆறும் முழுதாக விலக்கு. பொப்பியாவிலும் பல கடைகள் பொடித்த கச்சான் தூவுகின்றன. 'குழம்பு இல்லாமல் வெறும் சாத்தே இறைச்சி மட்டும்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஊறவைக்கும் மசாலாவிலேயே கச்சான் அரைத்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அடுப்புக் கம்பியிலும் சிந்தியிருக்கும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் பிரித்தால் கச்சான் சோற்றின் மேலேயே கிடக்கும்.

ஓர் ஆறுதல்: இந்த நாட்டில் சமையல் எண்ணெய் பெரும்பாலும் செம்பனை எண்ணெய். ஆனாலும் எண்ணெய் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சொல்ல வேண்டிய வாக்கியம்: 'அனாக் சாயா அலெர்ஜி கச்சாங் தானா.' வெறும் 'கச்சாங்' என்றால் பயற்றையும் குறிக்கும், 'தானா' சேர்த்தால்தான் நிலக்கடலை. ஒரு சீட்டில் மலாயிலும் சீனத்திலும் பெரிதாக எழுதிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். சட்டி இரைச்சலில் காது கேட்காது, கண் படிக்கும்.

மேசையைத் துடைக்கக் கடைத்துணியை நம்பாதீர்கள், சொந்த ஈரத்தாளால் துடைத்துவிட்டு உட்காருங்கள். மற்றவர்கள் சாத்தே சாப்பிடுவதானால் அதை அந்தப் பிள்ளை இல்லாத பக்கம் வையுங்கள், சாப்பிட்டவர் கை கழுவாமல் ஊட்டக்கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தும் ஊசியும் ஹோட்டல் அறையில் இருந்து பயனில்லை, மேசையில் உங்கள் கைக்கெட்டும் பையில் இருக்கவேண்டும். மூச்சு இழுத்தால் முதலில் மருத்துவர் சொன்னபடி மருந்து, உடனே 999. காரில் ஏற்றி நீங்களே மருத்துவமனை தேடிப் புறப்படாதீர்கள்.

ஜொகூர் தென்றல்

மிக்க நன்றி. சாத்தே இறைச்சி மட்டும் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். சரி, அப்படியானால் அவனுக்கு என்னதான் மிச்சம்? சின்னதுக்கும் அதிலேயே ஆகுமா?

அம்மிக்கல்

நிறைய மிச்சம் இருக்கிறது தென்றல். கச்சானே புழங்காத கடைகள் மூன்று சொல்கிறேன், இவற்றில் பிள்ளைகள் மூவரும் சாப்பிடலாம். எழுதியதைப் பிறகு யாராவது சரிபாருங்கள்.

முதலாவது குவே தியாவ் சூப். இதைத்தான் இங்கே குவே தியாவ் தங் என்பார்கள். தெளிந்த குழம்பு, பட்டையான அரிசி மீ (நூடுல்ஸ்), மீன் உருண்டை, கோழி அல்லது வாத்து. சீனர் கடையில் பன்றியும் சேரும். மேலே பொரித்த பூண்டு. காரம் எதுவும் கிடையாது, வெட்டிய மிளகாய் தனிச் சின்னத் தட்டில்தான் வரும். கிண்ணம் வந்தவுடன் சின்னப் பிள்ளைக்கு உங்கள் சொந்தக் கிண்ணத்தில் மீயை மட்டும் எடுத்துவைத்து, கத்திரிக்கோலால் மூன்று விரற்கடை நீளத்துக்கு நறுக்கிவிடுங்கள். சமையல் கத்திரிக்கோல் ஒன்றை மறக்காமல் எடுத்து வாருங்கள், கத்தியைவிட அதுதான் உதவும். மீன் உருண்டையை அப்படியே கொடுக்கக்கூடாது. உருண்டை, வழுக்கும், அமுக்கினால் அமுங்கித் திரும்ப விரியும். சின்னத் தொண்டையை அடைக்க அதுவே போதும். இரண்டாக வெட்டுவதும் போதாது, நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

இரண்டாவது கோழிச் சோறு. வேகவைத்த கோழியா, பொரித்ததா என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கு வேகவைத்தது, நெஞ்சுப் பகுதி, எலும்பில்லாமல். கோழியைப் பொளந்து வெட்டும்போது எலும்புச் சில் சதைக்குள் போகும், கொடுக்கும் முன் விரலால் பிசைந்து பாருங்கள். சோறு கோழிக் கொழுப்பிலும் இஞ்சி பூண்டிலும் வெந்தது, தனியாகவே ருசி. மேலே நல்லெண்ணெய் ஊற்றுவார்கள், எள் ஒவ்வாதவர்கள் கவனிக்க.

மூன்றாவது வான்தான் மீ, உலர்ந்தது. கறுப்புக் கிச்சாப் இனிப்பு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஊறுகாய் மிளகாயைத் தனியாகக் கேளுங்கள். மீ நீளமாக, இழுபடும் தன்மையோடு இருக்கும், இதற்கும் கத்திரிக்கோல்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு தாவ் ஃபூ ஃபா. வெதுவெதுப்பான சோயா தயிர்போல இருக்கும், மெல்லவே வேண்டாம். பாகைப் பாதியாக்கச் சொல்லுங்கள். சோயாவும் ஒவ்வாத பிள்ளை என்றால் மட்டும் இதை விடுங்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஹொக்கியன் மீ வாங்கலாம், சம்பாலை மட்டும் தனியாகக் கேட்டால் போதும். கறுப்பாக, தடித்த மீயில் வரும்.

பட்டர்வொர்த் படகு

அம்மிக்கல் அக்கா, கடைசி வரியில் ஊர் மாறிவிட்டது. கறுப்புக் கிச்சாப்பில் பிரட்டிய தடித்த மீ கோலாலம்பூர் ஹொக்கியன் மீ. பினாங்கில் ஹொக்கியன் மீ என்று கேட்டால் வருவது இறால் தலையும் பன்றி எலும்பும் கொதித்த சிவந்த சூப். கோலாலம்பூரில் அதற்குப் பெயர் இறால் மீ. சம்பால் தனியாகக் கேட்டாலும் குழம்பிலேயே மிளகாய் கரைந்திருக்கும். ஒன்பது வயது பழகிய நாக்கு என்றால் சரி, ஐந்துக்கும் இரண்டுக்கும் ஆகாது.

லக்சாவிலும் அதே கதைதான். பினாங்கில் லக்சா என்றால் ஆசாம் லக்சா: கெம்போங் மீன் கரைந்த புளிக் குழம்பு, புங்கா காந்தான் என்னும் இஞ்சிப்பூ, கெசோம் என்னும் வாசனை இலை, மேலே ஒரு கரண்டி ஹே கோ என்னும் இறால் பாகு. தேங்காய்ப்பால் இருக்காது. மீன் முள் சிறிதாக எப்போதும் தப்பி வரும், பெரிய பிள்ளை சாப்பிட்டாலும் குழம்பை அடியில் கிளறிப் பார்த்துக் கொடுங்கள்.

அம்மிக்கல்

உண்மைதான் தம்பி, திருத்தியதற்கு நன்றி. தென்றல், ஹொக்கியன் மீ பற்றி நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.

மதுரை வாடை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தமிழ்நாட்டிலிருந்து அடுத்த மாதம் பினாங்கு வருகிறோம், சுத்த சைவம், 4 வயதுப் பெண் குழந்தை. முட்டையும் கிடையாது. இந்த மாதிரி வளாகங்களில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதுமா?

தண்ணீர்மலை வாசி

போதாது ஐயா. 'வெஜிடேரியன்' என்றால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், குழம்பு அதே எலும்புக் குழம்பாக இருக்கும். இங்கே கண்ணுக்குத் தெரியாமல் வருபவை நான்கு: பிலாச்சான் என்னும் இறால் பசை (சம்பால் எல்லாவற்றிலும்), ஹே கோ (ரோஜாக், லக்சா, பினாங்கு சீ சியோங் ஃபன்), பன்றிக் கொழுப்பு (சீனர் கடைப் பிரட்டல்கள்), சிப்பிச் சாறு (கீரை வதக்கலில்). பசம்போர் பார்க்கக் காய்கறிபோல இருக்கும், வடைகளில் இறால் உண்டு.

சீனச் சைவக் கடையைத் தேடுங்கள். வளாகத்துக்கு ஒன்று இருக்க வாய்ப்புண்டு, பலகையில் '素' என்ற எழுத்து இருக்கும். அங்கே கோழி, மீன் என்று எழுதியிருப்பதெல்லாம் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை. கண்டிப்பான கடைகளில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. முட்டை சேர்க்கும் கடை உண்டு, அதனால் 'தாக் மாவ் தெலோர்' (முட்டை வேண்டாம்) சொல்லவேண்டும். குழந்தைக்குப் பீஹூன் (மெல்லிய அரிசி மீ) பிரட்டல் அல்லது சூப் பொருந்தும். சீன நாட்காட்டியில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் கிடைப்பது எளிது. ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் விழாவில், மஞ்சள் கொடி கட்டிய கடைகள் தெருவுக்குத் தெரு முளைக்கும்.

நம்மவர் பக்கம் என்றால் லிட்டில் இந்தியாவில் குயின் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் சுற்றி தோசையும் வடையும் கிடைக்கும். தெருவண்டிகளில் புத்து மாயாம் என்று விற்பது நம் இடியப்பம்தான், தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து. ஆப்போம் என்பது நம் ஆப்பம். சின்னச் சட்டியில் மாவைச் சுழற்றி மூடி போட்டு எடுப்பார்கள், ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. நாலு வயதுக்கு அதைவிட நல்ல சிற்றுண்டி அந்தத் தெருவில் வேறில்லை. முட்டை கலந்த மாவா என்று மட்டும் கேளுங்கள். ரொட்டி சானாய் மாவிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. பருப்புக் குழம்பு கேட்டாலும் மாமாக் (இந்திய முஸ்லிம்) கடைகளில் மேலே ஒரு கரண்டி மீன் குழம்பு பழக்கத்தில் ஊற்றிவிடுவார்கள். 'டால் சஹாஜா, ஜாங்கான் ச்சம்போர்' (பருப்பு மட்டும், கலக்காதீர்கள்) என்று கரண்டி எடுக்கும் முன்பே சொல்லவேண்டும்.

தென்றல் தங்கச்சி, நாசி கண்டார் கடையில் உங்களுக்கும் இதே கவனம். 'பஞ்சேர்' என்று எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதுதான் அங்கே வழக்கம், கோழிக் குழம்புக் கரண்டி மாட்டுக் குழம்பிலும் போய் வரும். மாடு விலக்கு என்றால் அதைப் பொருட்படுத்துபவர்கள் வேறு கடை பார்ப்பதே சரி.

தேத்தண்ணி

தண்ணி பற்றி யாரும் எழுதவில்லை. தண்ணிக் கடைக்காரர் தானாகவே மேசைக்கு வருவார். சீனர் காப்பிக் கடைகளில் இடத்தை நடத்துபவரே பெரும்பாலும் அவர்தான். ஒன்றும் வாங்காமல் இருந்தால் தலைக்கு ஐம்பது காசு கேட்கும் இடங்கள் உண்டு, சுவரில் எழுதியிருக்கும். பெரியவர்களுக்காவது ஆளுக்கொன்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு 'ஆயேர் சுவாம்', வெதுவெதுப்பான தண்ணீர். மைலோ என்றால் கெட்டிப்பாலும் சேர்ந்தே வரும். 'கோசோங்' என்றால் கெட்டிப்பால் நிற்கும், ஆனால் மைலோ தூளிலேயே சர்க்கரை இருப்பதால் இனிப்பு குறைந்திருக்குமே தவிர இல்லாமல் போகாது. பார்லி நல்லது, 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐஸ் கட்டியைப் பாருங்கள். நடுவில் ஓட்டையுள்ள உருளைக் கட்டி தொழிற்சாலையில் செய்து பையில் வருவது. பாளமாக வாங்கித் தரையில் வைத்து உடைத்தது என்றால் சின்னதுக்கு வேண்டாம்.

ஐஸ் கச்சாங் பற்றி ஒன்று. நடுப்பிள்ளைக்குக் கச்சானால் விலக்கு, தெரிந்ததே. இரண்டு வயதுக்கும் ஆகாது, காரணம் வேறு. உள்ளே அத்தாப் சீ கிடக்கும், நிப்பா பனையின் விதை. நுங்குபோலத் தெரியும், ஆனால் நுங்கு அல்ல. கெட்டியாக, வழுவழுப்பாக, பல்லில் சிக்காமல் நழுவி நேரே உள்ளே போகும். பெரியவனுக்கும் மென்று தின்னச் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வாமை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் செண்டோல் பரவாயில்லை. பாண்டான் இலைச்சாறு சேர்ந்த பச்சை மாவு இழை மென்மையானது. அதில் வரும் சிவப்புப் பயற்றை மட்டும் மசித்துவிடுங்கள். தென்றல் வீட்டுக்கு அது சரிவராது, பெரும்பாலும் ஐஸ் கச்சாங் விற்கும் அதே கடைதான் செண்டோலும் விற்கும்.

ஜொகூர் தென்றல்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பெரியவன் லோக் லோக் (குச்சியில் குத்தியதைக் கொதிநீரில் முக்கிச் சாப்பிடுவது) வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். கூட்டிப் போகலாமா?

சட்டிச்சூடு

பெரியவனை மட்டும் ஒருவர் கூட்டிப் போங்கள், மற்ற இருவரும் மேசையிலேயே இருக்கட்டும். லோக் லோக் வண்டியைச் சுற்றி எல்லாரும் நின்றபடி சாப்பிடுவார்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பானை சின்னப் பிள்ளையின் முக உயரத்தில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் குச்சியை உருவும்போது சுடுநீர் தெறிக்கும்.

பெரியவனுக்குச் சொல்லவேண்டியது: குச்சியின் நிறத்துக்கு ஏற்ப விலை, எடுக்கும் முன் பலகையைப் பார்க்கவேண்டும். தின்ற குச்சிகளை வீசாமல் வைத்திருக்கவேண்டும், கடைசியில் எண்ணித்தான் காசு. பச்சை இறால், கணவாய், இறைச்சி என்றால் பானைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முக்கி, நிறம் முழுதாக மாறும்வரை வைத்திருக்கவேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் குளிர்ந்த குச்சிகளை முக்கினால் கொதி அடங்கிவிடும், அப்போது கணக்குப் பார்த்து எடுத்தால் உள்ளே வேகாது. காடை முட்டை, மீன் கட்டி, தவ்ஃபூ, காளான் போன்ற முன்பே வெந்தவற்றோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. சாறைத் தட்டில் ஊற்றித் தொட்டுக்கொள்ளவேண்டும், பொதுப் பாத்திரத்தில் கடித்த குச்சியை முக்கக்கூடாது. சாறுகளில் ஒன்று கச்சான் குழம்பு. திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் தம்பி பக்கத்தில் உட்காரவேண்டும்.

மருந்துப்பை

வாயையும் கழுவச் சொல்லுங்கள். தம்பியின் கரண்டியைப் பெரியவன் எடுக்கவும் கூடாது.

இன்னொன்று, கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கடிக்கும், நீங்கள் மேசையில் உட்காரும் ஆறு, ஏழு மணி அதன் நேரம். முக்காலியில் தொங்கும் வெறுங்கால்களைத்தான் தேடி வரும். நீளக் காற்சட்டை போட்டுவிடுங்கள், பூசும் மருந்தை ஹோட்டலிலேயே பூசிவிட்டுக் கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள். மேசையில் வைத்துப் பூசினால் சாப்பாட்டில் போகும்.

சுத்தம் பார்க்க: கடைப் பலகை ஓரத்தில் ஏ, பி, சி என்று மாநகர மன்றத்தின் தரச் சீட்டு ஒட்டியிருந்தால் பாருங்கள். உணவைக் கையாளுபவர்கள் டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்கவேண்டும் என்பது சட்டம். அதைவிட உங்கள் கண் சொல்லும்: காசு வாங்கும் கையும் சாப்பாடு எடுக்கும் கையும் வேறாக இருக்கிறதா, தட்டு கழுவும் தண்ணீர் ஓடும் தண்ணீரா, வாளியில் தேங்கிய தண்ணீரா.

பட்டர்வொர்த் படகு

காசும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கடையில் தட்டு வந்தவுடன் கொடுக்கவேண்டும், ஓர் இரவில் ஐந்தாறு முறை. ஒன்று, ஐந்து, பத்து வெள்ளி (ரிங்கிட்) தாள்களைத் தனியாக மாற்றி வையுங்கள். டுயிட் நவ் (கைபேசியில் பணம் கட்டும் முறை) ஒட்டுத்தாள் பல கடையில் இருக்கிறது, ஆனால் மேசையில் இருப்பவரிடம் தட்டு வரும்போது கைபேசி வேறு ஆளிடம் இருந்தால் பயனில்லை. ஆகவே மேசையில் இருப்பவர் கையில் ரொக்கம் இருக்கட்டும். கழிப்பறைக்குச் சில்லறைக் காசும், சொந்தத் திசுத்தாளும்.

பெயர் பெற்ற கடைகள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை விடும், நாள் கடைக்குக் கடை வேறு. ஒரு கடையை மட்டும் நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாமல், அதே வளாகத்தில் இரண்டாவது ஒன்றையும் மனதில் வைத்துப் போங்கள்.

அம்மிக்கல்

மழையோ அழுகையோ வந்து பாதியில் கிளம்பவேண்டி வந்தால், 'தாப்பாவ்' (பொட்டலம் கட்டித் தருவது) சொல்லும் முறை இது: சூப் மீ என்றால் மீ தனி, குழம்பு தனி. சேர்த்துக் கட்டினால் ஹோட்டல் போவதற்குள் மீ குழம்பைக் குடித்து ஊதிவிடும். கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். அதைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், தள்ளுவண்டிக் கைப்பிடியில் மாட்டவும் வேண்டாம், நேரே கீழே பிள்ளையின் மடி இருக்கும். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று கொண்டுவந்தால் அதிலேயே ஊற்றித் தருவார்கள், கேட்கத் தயங்கவேண்டாம். சமைத்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடவேண்டும், தேங்காய்ப்பால் சேர்ந்தது அதற்கும் முன்பே.

பொட்டலத்தில் அடையாளம் கேளுங்கள். காரமானதும் காரமில்லாததும் ஒரே பழுப்புத் தாளில், ஒரே ரப்பரில் வரும், அறைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்துதான் தெரியும். கச்சான் புழங்கும் கடைப் பொட்டலத்தையும் நடுப்பிள்ளையின் பொட்டலத்தையும் ஒரே பையில் போடவே கூடாது. அவனுடையதைச் சொந்த டப்பாவில் வாங்கி, பேனாவால் பெயர் எழுதி, தனிப் பையில் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.